மூணுதானே, போலாமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி தாண்டியதும் ஒரே கேள்வி என் போனுக்கு நாலைந்து பேரிடமிருந்து வரும். "அக்கா, நாளைக்கு மூணுதானே போட்டிருக்கான், போலாமா?" நான் திருப்பி "எங்கே போற?" என்று கேட்பேன். "இன்னும் முடிவு பண்ணலக்கா, ஆனா மூணுதானே" என்று பதில் வரும். மூணு என்பது நாளைக்கான பனிச்சரிவு அபாய நிலை. சூரிச்சைச் சுற்றி இருக்கும் நம் ஆட்களில் ஸ்கீ டூரிங் பக்கம் வந்தவர்கள் கொஞ்ச காலமாகக் கூடிக்கொண்டே போகிறார்கள். லிஃப்ட் வரிசையில் நிற்காமல், ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடிக்கிற ஸ்கின் என்ற பட்டையை ஸ்கீயின் அடியில் ஒட்டிக்கொண்டு சொந்தக் காலில் ஏறி, யாரும் மிதிக்காத பனியில் இறங்கி வருகிற சுகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அதை விடமாட்டார்கள். எனக்கும் இதில் உயிர். அதனால்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டாமல் இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்எல்எஃப், குளிர்காலம் முழுக்கத் தினமும் மாலை 5 மணிக்குப் புல்லட்டின் வெளியிடுகிறது, நடுக்குளிர்காலத்தில் காலை 8 மணிக்கு இன்னொருமுறை. அதில்தான் அந்த 1 முதல் 5 வரையிலான எண் வருகிறது. ஐந்தில் மூன்று என்றதும் மனம் நடுவாந்திரம் என்று கணக்குப் போட்டுவிடுகிறது. அந்தக் கணக்கு தப்பு. படி ஒன்று கூடும்போது அபாயம் ஒரு பங்கு கூடுவதில்லை, பெருகுகிறது. எஸ்எல்எஃப் சொல்வதன்படி குளிர்கால நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்குத்தான் நிலை 3 அறிவிக்கப்படுகிறது, ஆனால் பனிச்சரிவில் உயிர் போகிறவர்களில் சுமார் பாதிப் பேர் அந்த நாட்களில்தான் போகிறார்கள். நிலை 4 வருவதே சில நாட்கள், 5 அபூர்வம். அந்த நாட்களில் புயல் அடிக்கும், சாலை மூடியிருக்கும், ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். மூணு அன்றைக்குத்தான் மேகம் விலகி, வெயில் அடித்து, புதுப்பனி கண்ணைப் பறிக்கும். அன்றைக்குத்தான் எல்லோரும் கிளம்புகிறோம், நானும்தான்.

ஆமாம், மூணில் நான் போகிறேன். நிறையவே போகிறேன். மூணில் வீட்டிலேயே உட்காருவதென்றால் குளிர்காலத்தின் நல்ல நாட்களில் பாதியை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அதனால் "போலாமா" என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் போகலாம்தான். ஆனால் எங்கே என்பதைத்தான் அந்த எண் உங்களிடம் கேட்கிறது. அதற்குப் பதில் இல்லாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

முதலில் கோணம். ஆளைப் புதைக்கிற பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை ஒரு முழு அடுக்கே பலகையாக உடைந்து நழுவுகிற வகை. அவை ஏறக்குறைய எல்லாமே 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில்தான் கிளம்புகின்றன, அதிகமும் 35-க்கும் 45-க்கும் இடையில். இறங்குவதற்கு எது ரொம்ப ஜோராக இருக்குமோ அதே சாய்வு, அதுதான் இதில் உள்ள சோதனை. சுவிஸ் அரசின் வரைபடத்தில் சாய்வுக்கென்றே தனி அடுக்கு ஒன்று இருக்கிறது, இலவசம். 30-க்கு மேல் மஞ்சள், 35-க்கு மேல் ஆரஞ்சு, 40-க்கு மேல் சிவப்பு, 45-க்கு மேல் ஊதா. வெள்ளி இரவு சாப்பிட்ட பிறகு அந்த வரைபடத்தைத் திறந்து உங்கள் பாதையின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். விரல் எங்கெல்லாம் நிறத்துக்குள் போகிறதோ அங்கெல்லாம் நின்று யோசிக்க வேண்டும், விரலுக்கு மேலே மலையில் என்ன நிறம் தொங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் புதிதாக வந்தவர்கள் விட்டுவிடுகிறார்கள். "நான் சமதளத்துலதானே போறேன்" என்பார்கள். மூணில், நீங்கள் சமதளத்தில் மிதித்த மிதி மேலே இருக்கிற சரிவை உடைத்து உங்கள் தலையில் இறக்கலாம். கீழே இருக்கும் பலவீனமான அடுக்கில் விரிசல் பக்கவாட்டில் ஓடும், மேல்நோக்கியும் ஓடும்.

வெர்னர் மூன்ட்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி இதை யாருக்கும் நினைவிருக்கும்படி எளிமையாக்கிக் கொடுத்திருக்கிறார். நிலை 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழே இரு, 3 என்றால் 35-க்குக் கீழே, 4 என்றால் 30-க்குக் கீழே. இரண்டில் உன் தடத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் பார்த்தால் போதும், மூணில் அந்தச் சரிவு முழுவதையும் பார், நாலில் மேலிருந்து வந்து விழக்கூடிய இடத்தையும் சேர்த்துப் பார். அந்தச் சரிவிலேயே எது ரொம்பச் செங்குத்தான இடமோ அதுதான் கணக்கு, நீ நிற்கிற இடத்தின் சாய்வு அல்ல. வழிகாட்டிகள் இதற்கு மேல் நுணுக்கமாகப் பார்ப்பார்கள், சரி. ஆனால் முதல் மூன்று நாலு சீசனுக்கு இது போதும், தாராளமாகப் போதும். என்னைக் கேட்டால் மூணில் 30-க்குக் கீழேயே சந்தோஷமாக இருங்கள். 28 டிகிரியில் முழங்கால் ஆழத்துக்குப் பவுடர் மாதிரி புதுப்பனி கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு எங்கள் குழுவில் எப்போதும் ஒரு பதில் வரும். "அக்கா, 28-ல ஸ்கீ ஓடவே ஓடாதுக்கா, தள்ளிக்கிட்டே போகணும்." ஓடும்டா. 

சரி, புல்லட்டினுக்கு வருகிறேன். அதில் எண்ணைத் தவிர இன்னும் நிறைய இருக்கிறது, எண்ணைவிட அதுதான் முக்கியம். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவுகளில் என்று ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். 2022 டிசம்பரிலிருந்து எண்ணோடு கூட்டல், கழித்தல், சமம் என்று ஒரு குறியும் வருகிறது. 3 கழித்தலும் 3 கூட்டலும் ஒரே நாள் அல்ல, அதைப் பார்க்காமல் விடாதீர்கள். அப்புறம் பிரச்சினை எந்த வகை என்று போட்டிருக்கும்: புதுப்பனி, காற்று அள்ளிக் குவித்த பனி, பழைய பனிக்குள் இருக்கும் பலவீனமான அடுக்கு, ஈரப்பனி, தரையோடு வழுக்கி வருகிற பனி. காற்றுக் குவியல் என்றால் ஓரளவு கண்ணால் பார்த்துத் தப்பிக்கலாம். முகட்டுக்குப் பின்பக்கம், பள்ளங்களில், காற்று படாத மறைவுகளில் மெத்தென்று தெரியும், கவனித்தால் வளைத்துப் போய்விடலாம். பழைய பனி என்று போட்டிருந்தால் எனக்கு உடனே அடக்கம் வந்துவிடும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது.

இதைக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். டிசம்பரில் வடக்கு பார்த்த ஒரு நிழல் சரிவின் ஓரத்தில், சாய்வில்லாத பத்திரமான இடமாகப் பார்த்து, தரை வரைக்கும் ஒரு குழி தோண்டுங்கள். மேலே புதிய பனி லேசாக இருக்கும், அதற்குக் கீழே ஷவலால் சதுரமாக வெட்டி எடுக்கக்கூடிய கெட்டியான அடுக்கு, அதற்கும் கீழே போனால் ஷவல் தடையே இல்லாமல் உள்ளே இறங்கும். கையுறையில் அள்ளினால் ரவை மாதிரி உதிரும். உருண்டை பிடிக்க முயன்று பாருங்கள், பிடிக்கவே பிடிக்காது. ஒரு மணியை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் கண்ணாடிச் சில்லு போல மினுங்கும், சில சமயம் சின்னக் கிண்ணத்தின் வடிவம்கூடத் தெரியும், ஓரத்தில் வரி வரியாக. குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து, அதன் பிறகு பல நாள் தெளிந்த வானமும் கடுங்குளிருமாக இருந்தால் இப்படி ஆகும். தரைப்பக்கம் ஏறத்தாழ பூஜ்ஜியம் டிகிரி, மேற்பரப்பு அதைவிட ரொம்பக் குளிர். இந்த வித்தியாசத்தில் ஈர ஆவி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாகப் பெரிதாகிக்கொண்டே போகும். பனி மெல்லியதாக இருக்கிற வருடங்களில் இது இன்னும் மோசம். ஜனவரியில் அதன்மேல் ஒரு மீட்டர் புதுப்பனி விழுந்து இறுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கெட்டிப் பலகை முழுவதும் இந்த உதிரி மணிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது வாரக்கணக்கில், சில வருடம் மாதக்கணக்கில் அப்படியே காத்திருக்கும்.

மலையே சில சமயம் வாய்விட்டுச் சொல்லும். நடந்துகொண்டிருக்கும்போது காலுக்குக் கீழே "வூம்ப்" என்று ஒரு அமுங்கின சத்தம் கேட்டு, சுற்றியிருக்கும் பனி முழுவதும் ஒரு விரற்கடை இறங்கினால், அந்த அடுக்கு உங்கள் காலடியில் உடைந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் சமதளத்தில் நிற்பதால் எதுவும் நழுவவில்லை, அவ்வளவுதான். ஸ்கீ முனையிலிருந்து விரிசல் ஓடினாலும், பக்கத்துச் சரிவில் இன்றைக்கோ நேற்றோ விழுந்த பனிச்சரிவு தெரிந்தாலும் அதே அர்த்தம்தான். குழி தோண்டிச் சோதனை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சரிவின் குறுக்கே 90 செண்டிமீட்டர், சரிவின் மேல்நோக்கி 30 செண்டிமீட்டர் இருக்கும்படி ஒரு தூணை வெட்டி, ஒரு முனையில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்து தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தூண் முழுக்க ஓடினால் அந்த வகைச் சரிவுக்கு அன்றைக்குப் போகக் கூடாது. ஓடாவிட்டால் போகலாம் என்று அர்த்தமில்லை, பத்து மீட்டர் தள்ளி வேறு மாதிரி இருக்கலாம். நான் கற்றுக்கொள்வதற்காகத் தோண்டுவேன். போக அனுமதி வாங்குவதற்காகத் தோண்டமாட்டேன்.

அடுத்து எல்லோரும் சொல்வது: "அக்கா, ஏற்கனவே ஏழெட்டு பேர் இறங்கின தடம் இருக்கே." தடம் என்றால் அவர்கள் இறங்கும்போது உடையவில்லை என்பது மட்டும்தான். எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் இடையில், அடுக்கு மெல்லியதாக இருக்கிற ஒரு இடத்தை ஒருவர் மிதித்தால் போதும். இயன் மெக்கேமன் என்ற அமெரிக்கர் 700-க்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளை எடுத்துப் பார்த்து, ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று எழுதினார். பழகிய இடம், கூட்டத்தோடு ஒத்துப்போகிற ஆசை, எப்படியாவது உச்சிக்குப் போய்விட வேண்டும் என்ற பிடிவாதம், கூட வருகிற அனுபவசாலிமேல் கண்மூடிய நம்பிக்கை, புதுப்பனியை இன்னொருவன் முந்திவிடுவானோ என்ற பதற்றம், பக்கத்தில் வேறு ஆட்கள் இருக்கிற தைரியம். நான் எந்தக் குழுவோடு போனாலும் இந்த ஆறில் குறைந்தது இரண்டு அன்றைக்கு இருக்கும்.

2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் பக்கத்தில் டனல் கிரீக் என்ற இடத்தில் 16 பேர் இறங்கினார்கள். சாதாரண ஆட்கள் இல்லை. உள்ளூர்க்காரர்கள், போட்டி வீரர்கள், பனிச்சறுக்கையே தொழிலாகக் கொண்டவர்கள். மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் சிலருக்கு மேலே நிற்கும்போதே உள்ளுக்குள் உறுத்தல் இருந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய ஆட்கள் இருக்கும்போது நான் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து நான் ஒன்றில் கறாராக இருக்கிறேன். ஐந்து பேருக்கு மேல் குழு வேண்டாம். செங்குத்தான இடத்துக்கு முன் எல்லோரும் நின்று, ரொம்பப் புதியவர்தான் முதலில் பேச வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் கேட்டு அவரை வாதாட வைக்கக் கூடாது. நம் ஆட்களிடம் இதில் ஒரு சிக்கல் உண்டு. "அண்ணன் போறாரு, நான் எப்படி வேண்டாம்னு சொல்றது" என்ற மரியாதை. மலையில் அந்த மரியாதை வேண்டாம் தம்பி. என்னிடம் சொல், நான் உனக்குக் கடமைப்பட்டவளாக இருப்பேன்.

இனி சாமான் பேச்சு. நம் ஆட்கள் கூடினால் முக்கால்வாசி நேரம் இதில்தான் போகும், எனக்கும் அது பிடிக்கும். பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து வைக்கிற ஊசி வகைப் பைண்டிங்கைக் கண்டுபிடித்தவர் ஃப்ரிட்ஸ் பார்ட்டல் என்ற ஆஸ்திரியர். 1980-களில் எடையைக் குறைக்க வழி தேடி, பூட்ஸ் முனையின் இரண்டு பக்கமும் இரண்டு ஊசி பிடித்துக்கொள்கிற மாதிரி செய்துவிட்டார். இன்றைக்கு நாம் ஏறும் பைண்டிங்கில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவைதான். காலில் குறைகிற ஒவ்வொரு நூறு கிராமும் ஆயிரம் மீட்டர் ஏற்றத்தில் தெரியும், அதனால் எடைக்காகக் காசு செலவழிப்பதில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் புதிதாக ஆரம்பிப்பவர்கள் பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஸ்கீயை வாடகைக்கு எடுக்கலாம், பூட்ஸ் உங்கள் காலுக்கென்று சூடாக்கி வார்த்ததாக இருக்க வேண்டும். குதிகால் எரிகிறது என்று தோன்றிய நிமிடமே நின்று டேப் ஒட்டிவிடுங்கள், மேலே போய் ஒட்டிக்கொள்ளலாம் என்றால் அதற்குள் தோல் போயிருக்கும்.

பனிச்சரிவில் சிக்கும்போது கைப்பிடியை இழுத்தால் பலூனாக விரிகிற ஏர்பேக் பை வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கையில் காசு இருந்தால் வாங்குங்கள். 2014-இல் வந்த ஒரு ஆய்வில், பெரிய பனிச்சரிவில் மோசமாகச் சிக்கியவர்களில் ஏர்பேக் விரியாதவர்களில் 22 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள், விரிந்தவர்களில் 11 சதவீதம். பாதியாகக் குறைகிறது, அது பெரிய விஷயம். அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: ஐந்தில் ஒருவருக்கு ஏர்பேக் விரியவே இல்லை, அதில் பாதிக்கும் மேல் ஆள் கைப்பிடியை இழுக்காததால். அதனால் வாங்கியவர்கள் சீசன் தொடக்கத்தில் ஒருமுறையாவது இழுத்து விரித்துப் பாருங்கள், கையுறை போட்டபடி. அந்த 11 சதவீதத்தையும் மறக்க வேண்டாம். மரத்தில் அடிபட்டாலோ பாறை விளிம்பிலிருந்து விழுந்தாலோ ஏர்பேக் ஒன்றும் செய்யாது.

புதைந்தவரின் சிக்னலை வைத்துத் தேடுகிற எல்விஎஸ் கருவி, பனியில் குத்திப் பார்க்கிற ப்ரோப் கம்பி, ஷவல், இந்த மூன்றும் இல்லாதவரை நான் கூட்டிப்போவதில்லை. இதில் சமரசமே கிடையாது, என் சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி. ப்ரோப் 240 செண்டிமீட்டராவது இருக்கட்டும், ஷவல் உலோகமாக இருக்கட்டும். எல்விஎஸ் எல்லாமே 457 கிலோஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன, அதனால் எந்த பிராண்டு என்ற சண்டை தேவையில்லை. மூன்று ஆன்டெனா உள்ள கருவியாகப் பாருங்கள். போன், ஸ்மார்ட் வாட்ச், சூடாக்கும் கையுறை எல்லாமே அதைக் குழப்பும். அனுப்பும் நிலையில் இருக்கும்போது 20 செண்டிமீட்டர் தள்ளி, தேடும்போது 50 செண்டிமீட்டர் தள்ளி வைக்க வேண்டும். போனை ஒரு பக்க பேன்ட் பாக்கெட்டிலும் எல்விஎஸ்ஸை மார்பிலும் வைத்துப் பழகிவிட்டால் யோசிக்க வேண்டியதே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நேரம் அவ்வளவு குறைவு. பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பார்கள் என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். 1981 முதல் 2020 வரை சுவிட்சர்லாந்தில் நடந்த விபத்துகளைத் திரும்ப எடுத்துப் பார்த்து 2024-இல் வெளியான ஆய்வு அதைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டது. அதற்குப் பிறகு சட்டென்று சரிகிறது, முப்பது நிமிடத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். 1414-ஐ அழைத்தால் ரேகா மீட்பு ஹெலிகாப்டர் வரும், அழைக்கத்தான் வேண்டும். ஆனால் பத்து நிமிடத்தில் வருவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான். சிக்னல் கிடைக்கும் வரை வேகம், கிடைத்தபின் அம்புக்குறியைப் பின்பற்றி, மூன்று மீட்டருக்குள் வந்ததும் நிதானம். கருவியைப் பனிமேலேயே வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும், எண் எங்கே குறைந்ததோ அங்கிருந்து ப்ரோப்பைச் சரிவுக்குச் செங்குத்தாக, 25 செண்டிமீட்டருக்கு ஒன்றாகச் சுருள் பாதையில் குத்திக்கொண்டே வாருங்கள். தட்டுப்பட்டால் ப்ரோப்பை எடுக்காதீர்கள், அப்படியே விட்டுவிட்டுக் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். நேராகத் தலைக்கு மேலிருந்து தோண்டினால் அவர் மூச்சு விடுகிற கொஞ்ச இடமும் மிதிபட்டுப்போகும். ஆட்கள் இருந்தால் வி வடிவத்தில் நின்று பனியைப் பின்னால் தள்ளுங்கள், முன்னால் நிற்பவர் சீக்கிரம் ஓய்ந்துபோவார், அடிக்கடி இடம் மாறுங்கள். முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் முதலில் சுத்தம் செய்யுங்கள்.

சின்ன விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஸ்கின்னைக் கழற்றினால் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள், பையில் வைத்தால் பசை குளிர்ந்து இரண்டாம் ஏற்றத்தில் ஒட்டாது. இரண்டு ரப்பர் ஸ்ட்ராப் எப்போதும் கூட இருக்கட்டும், ஒட்டாத ஸ்கின், உடைந்த ஊன்றுகோல், கழன்ற பக்கிள், எல்லாவற்றுக்கும் அது உதவும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும், கதகதப்பாகக் கிளம்பினால் அரை மணி நேரத்தில் வேர்த்து, நின்றதும் நடுங்குவீர்கள். பைண்டிங்கில் இருக்கும் குதிகால் உயர்த்தியை எப்போதும் உயரத்தில் வைத்து ஏறாதீர்கள், ஸ்கின்னின் பிடி குறையும். சரிவில் நின்ற இடத்திலேயே ஸ்கீயைத் திருப்புகிற கிக் டர்ன் வரவில்லை என்றால் வீட்டுப் பக்கத்துப் புல்வெளிச் சரிவில் பழகலாம், செங்குத்தான இடத்தில் போய் முதல்முறை முயல வேண்டாம். தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், பிளாஸ்க்தான். என் பிளாஸ்க்கில் மிளகு ரசம் இருக்கும், மேலே ஒரு மூடி கொடுத்துப் பாருங்கள், அந்நியர்கள்கூட நண்பர்களாகிவிடுவார்கள். எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்த நண்பருக்கு மைனஸ் பன்னிரண்டில் அது கல்லாகிப்போனது. கடலை மிட்டாயும் கெட்டியாகும், ஆனால் வாயில் அடக்கிக்கொண்டே நடக்கலாம். எள்ளுருண்டை இன்னும் நல்லது.

மார்ச்சுக்கு மேல் ஆட்டம் மாறும். இரவு வானம் தெளிந்து பனி நன்றாக உறைந்ததா என்பதுதான் முதல் கேள்வி. உறைந்திருந்தால் விடியலுக்கு முன் கிளம்பி, வெயில் ஏறி ஈரமாவதற்குள் இறங்கிவிட வேண்டும். பதினோரு மணிக்கு இன்னும் மேலே நின்றுகொண்டு போட்டோ எடுக்காதீர்கள். அப்புறம் நம் ஆட்களின் கனவு, ஷாமொனியிலிருந்து சேர்மாட் வரை போகிற ஓத் ரூட். 1911-இல் முதன்முதலாக முழுக்க ஸ்கீயில் கடந்தார்கள். வருடா வருடம் வசந்தத்தில் கூட்டம் நிற்கும், அதனாலேயே சுலபம் என்று ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. 2018 ஏப்ரல் கடைசியில் அந்த வழியில் இருக்கும் பீன் டி அரோலா மலைப் பகுதியில் புயலில் சிக்கிய 14 பேர் இரவு முழுவதும் வெளியே கிடந்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள், வழிகாட்டி உட்பட. தங்க வேண்டிய வின்யெட் ஹட் மிக அருகேதான் இருந்தது. 2024 மார்ச்சில் சேர்மாட்டிலிருந்து அரோலாவுக்குக் கிளம்பிய ஆறு பேர் டெட் பிளான்ஷ் என்ற மலைப் பக்கத்தில் புயலில் சிக்கினார்கள், ஐந்து பேரின் உடல்கள் கிடைத்தன, ஒருவர் காணாமல் போனார். இந்த இரண்டிலும் ஆட்களை மடக்கியது புயலும் குளிரும்தான். மூவாயிரம் மீட்டருக்கு மேல் காற்றும் மூட்டமும் வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், அங்கே சாய்வு எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை, அன்றைக்குப் போகக் கூடாது. பனியாற்றில் போகிறவர்களுக்கு இடுப்பு ஹார்னஸ், கயிறு, பள்ளத்திலிருந்து தூக்கத் தெரிந்த இரண்டு பேர் வேண்டும். இது தனிப் பதிவாக எழுத வேண்டிய சமாச்சாரம், எழுதுகிறேன்.

எங்கே ஆரம்பிப்பது என்பவர்களுக்கு நான் செயின்ட் ஆன்டோனியன் என்ற மலை ஊரைச் சொல்வேன். க்யூப்ளிஸில் ரயிலை விட்டு இறங்கினால் மஞ்சள் போஸ்ட் பஸ் பள்ளத்தாக்குக்குள் கூட்டிப்போகும். ஊருக்கு மேலே க்யூனிஹார்ன் சரிவில் வரிசை வரிசையாக இரும்புத் தடுப்புகள் நிற்பது பஸ்ஸிலிருந்தே தெரியும். பழைய வீடுகள் சிலவற்றின் பின்பக்கம், மலையைப் பார்த்து மண்ணும் கல்லுமாக மேடு கட்டி, பனிச்சரிவு வந்தால் கூரைக்கு மேல் ஏறிப் போய்விடும்படி செய்திருப்பார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையோடு குடியிருந்தவர்கள் எங்கே வீடு கட்டினார்கள், எங்கே கட்டாமல் விட்டார்கள் என்பதை பஸ்ஸில் போகும்போதே பாருங்கள், வகுப்பில் கற்றதெல்லாம் புரியும். அங்கே எக்பெர்க் மாதிரி சாதுவான மேடும் இருக்கிறது, சுல்ஸ்ஃப்ளூ மாதிரி 2817 மீட்டர் உயரத்தில் செங்குத்தான பள்ளம் வழியாக ஏறுகிற மலையும் இருக்கிறது. மூணு போட்டால் முதலாவது, பனி நன்றாக நிலைபெற்ற வசந்த காலையில் இரண்டாவது. வீட்டில் யாரிடமாவது எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வரும் ஞாயிறு நாங்கள் சிலர் எல்விஎஸ் பயிற்சித் தளம் ஒன்றுக்குப் போகிறோம். பெரிய ஸ்கீ இடங்கள் பலவற்றில் அப்படி ஒரு தளம் இருக்கிறது, புதைத்து வைத்த கருவிகளைக் கண்டுபிடித்துப் பழகலாம். மலையேற்றம் எதுவும் கிடையாது, தேடுவதும் தோண்டுவதும்தான், மதியத்துக்குள் முடிந்துவிடும். ரசம் என் பொறுப்பு. வருபவர்கள் எல்விஎஸ்ஸில் புது ஆல்கலைன் பேட்டரி போட்டுக்கொண்டு வாருங்கள், ரீசார்ஜ் பண்ணுகிற பேட்டரி வேண்டாம், அதில் மீதி எவ்வளவு என்று கருவி காட்டுவதை நம்ப முடியாது.